நாக்கில் பட்ட மணல்

என் பிள்ளைகள் தலையில் விழப்போகிற கூரையை நானே கட்டுகிறேனோ என்று பயந்து, உறக்கமில்லாமல் தவித்தவன் நான், சகோதர சகோதரிகளே. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. பம்பாய் தாராவியில் ஒற்றை அறையில் நெருக்கியடித்துக் கிடந்த எங்களுக்குச் செம்பூரில் ஒரு மனை அமைந்தது. மூன்று மூலை மனை. மழை பெய்தால் குளம். உறவுக்காரர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

மாட்டுங்காவிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் சிரிக்கவில்லை. தரையைத் தூண்கள்மேல் உயர்த்தினார். கூர்மூலையை வளைத்து வட்ட பால்கனி வரைந்தார். ஓடு கிடையாது, தட்டையான கான்கிரீட் கூரை. ஒன்றை மட்டும் எச்சரித்தார்: "உப்பு மணல் கலந்துடாம பாத்துக்கோங்கோ சார். உள்ளே இருக்கற கம்பியை அரிச்சுடும். கூரையே இறங்கிடும்."

அன்றிலிருந்து எனக்கு, கட்டட வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர்மேல் சந்தேகம். எங்கள் ஊர்க்காரன், எங்கள் சபைக்காரன், ஆராதனையில் பாடும்போது எல்லாருக்கும் மேலே அவன் குரல்தான் கேட்கும். வாய்க்கு வாய் ஸ்தோத்திரம் சொல்லுகிறவன் எதை மறைக்கிறான் என்று பார்த்தேன். மணல் லாரி டிராம்பே பக்கமிருந்து வருவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஆறு ஏது? உப்பங்கழிதானே இருக்கிறது? கேட்டால், "நம்ம சபைக்காரன் ஒங்கள ஏமாத்துவனா அண்ணாச்சி?" என்பான். என் மனைவியோ, "ஒரு நாளாவது சந்தேகப்படாம இருப்பியளா?" என்று சலித்துக்கொண்டாள்.

யாரிடம் சொல்லி அழுவேன்? "ஆண்டவரே, இவன் உத்தமனா திருடனா, எனக்குக் காட்டும்" என்று ஜெபித்தேன்.

கூரை போடுகிற காலை. கான்கிரீட் விழுமுன் ஜெபிப்பது எங்கள் வழக்கம். சபையார் வந்திருந்தார்கள். காண்ட்ராக்டரே முந்திக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தான். உருக்கமான ஜெபம், முடிகிற வழியைக் காணோம். பாயில் இடமில்லாததால் நான் மணல் குவியல் ஓரத்தில் முழங்கால் போட்டு, முகங்குப்புற விழுந்து கிடந்தேன். "ஆமென்" சொல்ல வாயைத் திறந்தேன். உதட்டில் ஒட்டியிருந்த மணல் நாக்கில் பட்டது.

உப்பு!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். கூடை தூக்கிய ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வேர்வையா இருக்கும் அண்ணாச்சி," என்றான் அவன்.

என் மனைவி குவியலின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். உடனே துப்பினாள். "இது நம்மூர் உப்பளத்து ருசில்லா!"

அவன் முகம் செத்துப்போனது. கூரைக்கு மட்டும் ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று முனகினான். அவனை அன்றே அனுப்பிவிட்டோம். வேறு ஆள் வைத்து, இன்ஜினியர் பக்கத்தில் நிற்க, நல்ல மணலில் கூரை போட்டோம். மழைக்கு முன் குடியேறினோம். அந்தக் கூரையின்கீழ் என் பிள்ளைகள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

இன்றும் நான் மளிகைக்கடைத் தராசைக் குனிந்து பார்க்கிறவன்தான். ஆனால் முன்புபோல் உள்ளுக்குள் போட்டுப் புழுங்குவதில்லை. எதுவானாலும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். உங்களில் சந்தேகப் புத்திக்காரர் யாராவது இருந்தால், அது தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதையும் சுமந்துகொண்டே ஆண்டவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.