இல்லாத மூன்றாவது மாடி

கட்டட அனுமதி மேல்முறையீட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்ட அனுமதி கேட்டு, முடியாது என்று சொல்லப்பட்டவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம் அது. முடிவு வரப் பதினாலு மாதம் ஆகும். "வரும், காத்திருங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் மரத்துப்போயிருந்தது. வீட்டில் கணவர் எதைக் கேட்டாலும் அதே பதில்தான். "நான் என்ன உன் ஆபீஸ் மனுதாரரா?" என்பார்.

புது அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, மேலிடத்து நெருக்கடி. வாரத்துக்கு நாற்பது முடிவு வேண்டும் என்றார். நாற்பதும் வந்தது. எப்படி வந்தது என்பது முத்திரை வைக்கிற அவளுக்குத்தான் தெரியும். உத்தரவு எழுதுகிறவர்கள் பழைய உத்தரவிலிருந்து வெட்டிப் புது உத்தரவில் ஒட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு தையல்காரரின் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. நடக்க முடியாத மனைவியைச் சக்கர நாற்காலியில் வெளியே கூட்டி வர வாசலில் சாய்தளம் கட்ட அனுமதி கேட்டிருந்தார். மூன்றாவது மாடியை இடிக்கச் சொன்னது உத்தரவு. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

முத்திரை வைக்காமல் கோப்போடு அதிகாரி அறைக்குப் போனாள்.

"இது நின்னா இந்த வாரம் முப்பத்தொம்பதுதாம்மா."

"இதை அனுப்பினா அவர் கோர்ட்டுக்குப் போவார் சார். இதே கோப்பு திரும்ப நம்ம தலையிலதான் விழும்."

அவர் தாளைப் புரட்டினார். "யாரும் போய் இடத்தைப் பாக்கலையா?"

"வாரத்துக்கு நாப்பதுன்னா யாரு சார் போவாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

பாதிக் கோப்புகளில் வரைபடமோ மறுப்புக் கடிதமோ இருக்காது. அது தெரியவரவே நாலு மாதம் ஓடிவிடும். மனு வாங்கும்போதே சரிபார்த்தால் அந்த நாலு மாதம் மிச்சம், விடுபட்ட தாள்களைத் தேடுகிற ஆட்களை இடம் பார்க்க அனுப்பலாம் என்றாள்.

"அப்ப திங்கக்கிழமையிலேருந்து கவுண்டர்ல நீங்களே உக்காருங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வரைபடத்தில் அளவில்லை என்று திருப்பி அனுப்பினால் திட்டினார்கள். சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு நுழையாது.

இடத்தை நேரில் பார்த்த பிறகு தையல்காரருக்கு மூன்றே வாரத்தில் அனுமதி கிடைத்தது. கட்டி முடித்ததும் கவுண்டருக்கு வந்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு நேத்துதாம்மா அவ தெருவைப் பாத்தா," என்றார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் நின்றவர் தன் தாள்களை நீட்டிவிட்டார்.

ஒரு வருஷத்தில் பதினாலு மாதம் ஆறாகக் குறைந்தது. கோர்ட்டிலிருந்து திரும்பி வரும் கோப்புகளும் குறைந்தன. அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அலுவலக ஆண்டறிக்கை, காலம் குறைந்ததற்குப் புதிய கணினிக்கு நன்றி சொன்னது.

"உனக்குக் கோவமே வரலையா?" என்று கேட்டார் கணவர்.

"கோவப்படவும் தெம்பு வேணுமில்ல," என்று கால்களை வெந்நீரில் வைத்தாள்.

மறுநாள் கவுண்டர் திறக்கும் முன்பே பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள்.