சேவல் இறகுக்கு மஞ்சள் சாயம்

கிளென்மார்கன் பக்கம் ஜீப் கவிழ்ந்ததில் என் கணவரின் வலது கை செயலிழந்தது. எஸ்டேட் டிரைவராக இருந்தவர், அதன்பின் ஜன்னலோரமே கதியென்று உட்கார்ந்துவிட்டார். முன்பெல்லாம் ஞாயிறுதோறும், சாயமேற்றிய இறகைத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிப் பூச்சி போலவே செய்வார். ஓடையில் ட்ரவுட் மீன் அதை நம்பிக் கவ்வும்.

ஒரு நாள் நானே துணிந்து சாயம் காய்ச்சினேன். மஞ்சள் சாயத்தில் கொஞ்சம் வினிகர் விட்டு, வெள்ளைச் சேவலின் இறகுகளைப் போட்டேன்.

"தீயைக் குறை புள்ள, இறகு சுருண்டுக்கும்."

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் அவர் நின்றிருந்தார்.

"கலரு சரியாங்க?"

"கலரு சரிதான். கட்டறதுக்குத்தான் கையில்லையே."

"என்ற கை இருக்குதுங்களே."

முள்ளை நான் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கையால் நூலைச் சுற்றினார். நூல் அறுந்துகொண்டே இருந்தது. முள் என் விரலில் குத்தியதும் பதறிப்போய், விரலைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பூச்சி கோணலாக வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

எல்லாவற்றையும் நானே செய்து கொடுப்பதுதான் அன்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் காலை அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடவில்லை. அவரே போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.