மணியைத் தன் கையில் வைத்துப் பார்த்தவர்

ஸ்டெல்லா அக்கா மாரடைப்பால் இறந்துபோன செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே ஒரு படம். வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரைப் படித்த பிறகே அக்கா என்று தெரிந்தது. சிரிப்பு அவருடையதுதான். காதில் தொங்கிய கண்ணாடி மணியும் அவர் கையால் செய்ததுதான். முகத்தைத்தான் யாரோ போனிலேயே வெளுத்துவிட்டிருந்தார்கள். துக்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அக்காவை அறிந்த உங்களுக்கு என் கோபம் புரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் நல்ல கறுப்பு. அந்த நிறத்தை மறைத்து அவரை அனுப்பிவைத்தால், அவர் செய்துவிட்டுப் போன வேலையையே மறைத்ததாகிவிடும்.

மலாக்கா டவுனில் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. மஞ்சள் கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை, டீ குடித்துக் குடித்துப் பழுத்த வெள்ளை என்று நாள் முழுக்க வெள்ளையோடுதான் எங்கள் பிழைப்பு. "இப்படியே வெள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு செத்துப் போயிரும் மாலா" என்பார். அதற்காகவே சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு கேஸ் விளக்கும் வண்ணக் கண்ணாடிக் குச்சிகளும் வாங்கி வைத்தார். சனி, ஞாயிறு என்றால் அக்காவைச் சமையலறையில் தேடக் கூடாது. வீட்டில் சாப்பாடு கடையிலிருந்துதான்.

குச்சியைத் தீயில் காட்டி, தேன் பதத்துக்கு இளகியதும் மெல்லிய கம்பியில் சுற்றினால் மணி. கேட்கச் சுலபம். ஆனால் தீக்குள் எல்லா நிறமும் ஒரே தணல் நிறம்தான். எது நீலம், எது பச்சை என்று தெரியாது. சட்டென்று குளிர்ந்தால் வெடித்துவிடும் என்பதால் சூடான சாம்பலுக்குள் புதைத்துவிட்டு மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்தில் பூசைக்குப் போய்த் திரும்பியதும் நானும் கூட உட்கார்ந்து சாம்பலைக் கிளறினேன். தந்த நிற மணி ஒன்று வந்தது. அதன்மேல் பச்சைநீலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, கண்ணுக்கு மை தீட்டியதுபோல ஒரு கருங்கோடு.

"இவ்வளவு மெல்லிசா எப்படிக்கா கோடு போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? பச்சைநீலத்துல செம்பு இருக்கு, தந்தக் கலர்ல கந்தகம் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுத் தீயில காட்டுனேன். அதுங்களே பேசிக் கோடு போட்டுக்கிச்சு."

அந்த மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் காப்பி ஆறிப்போனது.

எல்லாம் இப்படி வாய்த்துவிடவில்லை. பாதி ஞாயிறுகள் பாழ்தான். மாம்பழ மஞ்சளும் ரத்தச் சிவப்பும் சேர்ந்து என்னவோ ஆகப்போகிறது என்று காத்திருப்போம், காலையில் சாம்பலுக்குள் அழுக்குப் பழுப்பாய் ஒன்று கிடக்கும். நானாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். "சேறு வந்திருச்சு. சேறும் ஒரு கலர்தான லா, எடுத்து வை" என்பார். மறுவாரம் அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் வைக்க இளஞ்சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

மணி செய்கிறவர்கள் வெள்ளைத் துணியில் பரப்பித்தான் நிறம் பார்ப்பார்களாம். அக்கா ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. தன் முன்கையை நீட்டி, மணிகளை அதன்மேல் வரிசையாக வைப்பார். "துணியா மாட்டிக்கப் போகுது? நம்மதான மாட்டிக்கப் போறோம்." துணியில் கண்ணைக் குத்திய கடுகு மஞ்சளும் கத்திரிப்பூ நிறமும் அவர் கையில் ஏறியதும் விளக்குப் போட்ட மாதிரி நின்றன. அதே மணிகளை என் கையில் வைத்தார். அடங்கிப்போயின. வேறு இரண்டை எடுத்து வைத்தார். அவை எழுந்துகொண்டன.

"உன் கறுப்புல நீலம் இருக்கு மாலா. என் கறுப்புல சிவப்பு. இந்த மணி உனக்குத்தான் பேசும், எனக்குப் பேசாது."

கறுப்பிக்கு அடிக்கிற கலர் ஆகாது என்று அத்தைமார் முதல் துணிக்கடைப் பெண் வரை சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். என் தோலையும் ஒரு நிறமாக மதித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை எவரும் உற்றுப் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் கல்யாணத்துக்கு அவர் செய்து கொடுத்தது செம்பனைப் பழ நிறத்தில் ஒரு மணிமாலை. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் அவர் அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். பழுத்த பழம் அடியில் ஆரஞ்சாகவும் நுனியில் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். "ஆண்டவர் போட்ட கலர். நான் காப்பி அடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். சூடு கொஞ்சம் கூடினாலும் ஆரஞ்சு கருகிவிடும் என்பதால் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். "ஆரஞ்சா? இவளுக்கா? ஊரே சிரிக்கும்" என்று அம்மா ஒரே சண்டை. விருந்தன்று மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அம்மா வெகுநேரம் பார்த்தார். கிட்டே வந்து, நேராகவே இருந்த மாலையை இன்னொருமுறை நேராக்கினார். பிறகு மெதுவாக, "எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவாளான்னு ஸ்டெல்லாகிட்ட கேளு" என்றார். அம்மா என்னைவிடக் கறுப்பு.

அடக்கத்தன்று தேவாலயத்தின் பக்க மண்டபத்தில் அக்காவின் பெட்டி திறந்திருந்தது. நான் பயந்தபடியேதான் ஆகியிருந்தது. முகம், கழுத்து, கை எல்லாம் வெளுப்பாக ஒப்பனை மாவு பூசியிருந்தார்கள். கழுத்தில் அவர் தனக்கென்று செய்துகொண்ட மணிமாலை. அந்த மாவின்மேல் அது பிளாஸ்டிக் மாதிரி செத்துக் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. அவர் மகன் டேவிட்டைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஃபியூனரல் பார்லர்ல போட்டு விட்டாங்க ஆன்ட்டி. நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க லா" என்றான்.

"தம்பி, உங்கம்மா மணிய எதுல வச்சுப் பாப்பாங்க?"

பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "கையில" என்றான். சொல்லும்போதே உடைந்துவிட்டான்.

என் பையில் ஈரத்தாள் இருந்தது. அவன் அக்காவின் முகத்தைத் துடைத்தான், நான் கழுத்தையும் கைகளையும் துடைத்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். சாவு அந்தத் தோலை மங்கச் செய்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் மாவு போகப் போக, மணிகள் ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. முன்வரிசையிலிருந்து எழுந்து வந்த ஒரு பாட்டியம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா உங்கம்மா" என்று டேவிட்டின் முதுகைத் தடவினார்.

பல் செய்கிற மேசைக்கு நோயாளியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. ஒருமுறை நன்றாகப் பார்த்து, அவர் பல்லின் நிறத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அக்காவும் நானும் அப்படித்தான் இத்தனை காலம் வேலை செய்தோம். பெட்டியை மூடும் முன் அவர் கையை அப்படித்தான் பார்த்தேன். மணிக்கட்டில் கொஞ்சம் தெளிவு, முழங்கைப் பக்கம் போகப் போக அடர்த்தி, அடியில் ஓடும் சிவப்பு. அந்த நிறம் என்னிடம் இருக்கிறது.