மாமன் பயறில் வண்டு

கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் தாய்மாமா, அழகர்கோவில் பக்கம் சொந்தமாக நிலம் வாங்கி முதன்முதலில் எடுத்த வெள்ளாமை தட்டாம்பயறு. சித்திரையில் ஒருநாள் காலை, ஒரு பை நிறைய அதைக் கொண்டுவந்து ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அம்மா ஆசையாகப் பையைப் பிரித்தாள். பயறு நடந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் வண்டு.

மறுநாள் அப்பாவின் அக்கா விருந்துக்கு வருகிறார். மாமா நிலம் வாங்கியதைக் கேட்டு, "அவுகளுக்கு வெள்ளாமை பாக்கத் தெரியுமா?" என்று சிரித்த அத்தை. அந்தச் சிரிப்பை அம்மா மறக்கவில்லை.

"கடையில ரெண்டு கிலோ வாங்கிட்டு வாரேன்," என்றார் அப்பா.

"நாளைக்கு எங்கண்ணே பயறுதான் குழம்பு."

அப்பா எடுத்த கடைப்பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

மொட்டைமாடியில் என் காதுகுத்துக்கு அடித்த பிளக்ஸ் பேனரை விரித்துப் பயறைக் கொட்டினோம். அதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். வண்டுகள் அத்தையின் மூக்குத்தி மேல் சாவகாசமாக உலாவினவே தவிர, இறங்கிப் போவதாக இல்லை. அப்போது, மடங்கிக் கிடந்த ஓரத்தை மிதித்துவிட்டு நான் துள்ளினேன்.

"யம்மா, கருப்புப் பக்கம் காலு வைக்க முடியல, அம்புட்டுச் சூடு!"

அம்மா உடனே பயறை அள்ளிவிட்டு, கருப்பு முதுகு மேலே வரும்படி பிளக்ஸைத் திருப்பிப் போட்டு, பயறை மெல்லிசாகப் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் வண்டுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. விளக்குமாறோடு காவல் நின்ற நான் ஒன்றையும் தப்பவிடவில்லை. சாயங்காலம் அம்மா சொளகில் புடைத்து, ஓட்டைப் பயறைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தைக் காய்ந்த வேப்பிலை போட்டு டப்பாவில் அடைத்தாள்.

மறுநாள் அத்தை குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"பூச்சி பொட்டு இல்லாம பயறு சுத்தமா இருக்கே. எந்தக் கடை?"

"எங்கண்ணே வயல்ல வெளஞ்சது."

அத்தை ஒரு பயறை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு, "போறப்ப எனக்கும் ரெண்டு படி குடு," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டு வேட்டையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் ஒரு முழு அப்பளத்தைத் திணித்தாள்.

அத்தை போனதும் மாமாவிடமிருந்து போன்.

"பயறு எப்பிடி தாயி இருந்துச்சு? வண்டு கிண்டு..."

"ஒரு வண்டு இல்லண்ணே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் விளக்கப் போனாள். ஜெயித்ததை யாரிடமும் சொல்லாமல் ஒருவரால் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று எனக்குப் புரியவேயில்லை.