சுடும் சில்லு

விரல் வைத்தால் சட்டென்று எடுத்துக்கொள்ளத் தோன்றும் சூடு. ஜவ்வாது மலைக் குளிரில் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கியபடி நாங்கள் வேலை பார்த்த வயர்லெஸ் நிலையத்தில் அப்படிச் சுட்டது அந்த ஒரு மின்னணுச் சில்லுதான். அதை நினைத்தால் எங்கள் தலைமைப் பொறியாளரின் முகமும் கூடவே வந்துவிடும். நல்ல மனிதர் என்று பொய் சொல்ல எனக்கு வராது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையை அளக்க ஒரு கருவி செய்வது என் வேலை. அலை ஒரு நொடிக்குப் பதினைந்து கோடி முறை துடிக்கும். எங்களிடம் இருந்த எண்ணும் கருவிக்கு அந்த வேகம் தாங்காது. ஆகவே அதன் முன்னால் ஒரு சில்லு வைத்து, பத்துத் துடிப்புக்கு ஒன்று என வகுத்து அனுப்ப வேண்டும். அந்தச் சில்லு மட்டும் அதிவேக வகையாக இருந்தே ஆகவேண்டும். அந்த வகை மின்சாரத்தைக் குடிக்கும், நன்றாகச் சுடும்.

“ஸ்டோர்ல சாதா சில்லு டப்பா டப்பாவா கெடக்குது. ஒண்ணு பத்தலைன்னா ரெண்டு போடும்மா,” என்றார் தலைமைப் பொறியாளர். புளி மூட்டையைக் கைமாற்றி லாரியில் ஏற்றும்போது, முதலில் வாங்குகிறவனே தவறவிட்டால் பின்னால் எத்தனை பேர் நின்று என்ன பயன்? அதையும் சொல்லிப் பார்த்தேன். “காலேஜ்ல படிச்சதெல்லாம் இங்க வேணாம்,” என்று வாயை அடைத்துவிட்டார்.

சரி என்று சாதாச் சில்லுகளையே வைத்து, ஒரு சோதனை சிக்னலை இணைத்துக் காட்டினேன். எண் ஆடாமல் நின்றது. மனிதருக்கு ஒரே குஷி. நான் சிக்னலின் வேகத்தைக் கூட்டினேன். எண் ஏறாமல் இறங்கியது. படவேட்டுக்காரரான எங்கள் டெக்னீஷியன், “இன்னா மேடம், கூட்டினா கொறையுது?” என்று கேட்டேவிட்டார். சில்லு துடிப்புகளைத் தவறவிடுகிறது என்றேன். தலைமைப் பொறியாளர் விருட்டென்று எழுந்தார். “உன் இஷ்டத்துக்கே போடு. கருவியைச் சோதிக்க கமிட்டி வர்ற அன்னிக்கு சரியா வரலைன்னா, திருப்பத்தூர் ஆபீஸ்ல ஃபைல் பாக்கப் போய்டணும்.”

பெங்களூரில் இருந்த தோழி மூலம் அதிவேகச் சில்லை வரவழைத்து வைத்தேன். கமிட்டி வந்தது. கருவியை நான் முடுக்கியதும், கமிட்டித் தலைவர் சில்லைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். “என்னங்க, இப்படிச் சுடுது?”

“எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க சார். இந்தம்மா அடம்பிடிச்சுப் போட்டது,” என்றார் எங்களவர்.

“ஆமாங்க, நான்தான் போட்டேன். இந்த வகை சுடத்தான் செய்யும்,” என்று சொல்லிச் சோதனை சிக்னலை இணைத்தேன். எண் அச்சுப் பிசகாமல் வந்தது. தலைவர் வேகத்தைக் கூட்டினார், ஏறியது. குறைத்தார், இறங்கியது.

“யாரோட டிசைன்?” என்று கேட்டார்.

“நாங்க ரெண்டு பேருமா டிஸ்கஸ் பண்ணித்தான்...” என்று ஆரம்பித்தார் தலைமைப் பொறியாளர்.

“இல்லைங்க சார்,” என்று அவர் பக்கம் திரும்பினேன். “உங்களுக்குச் சம்பந்தமே இல்லைன்னு இப்பதானே சொன்னீங்க.”

நான் திருப்பத்தூர் போகவில்லை. மேலதிகாரியிடம் கொஞ்சம் பணிந்து பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. எதற்காக?