துணிக்கடைக்குத் தோணிப்பாய்

கற்பிட்டியில் என் மனைவி துணிக்கடை திறந்தபோது, அதன் முகப்பை அலங்கரிக்கும் பொறுப்பை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். கல்யாணக் கார்ட் அடிக்கிறவனுக்கு ரசனை இருக்கிறது என்று என்னைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை. கடைத்தெரு முழுக்க ஒரே மாதிரி மின்விளக்குப் பலகைகள். நமக்குப் பலகையே வேண்டாம் என்றேன். உச்சமுனைத் தீவில் மச்சானிடம் சும்மா கிடந்த பழைய தோணிப்பாயைக் கொண்டுவந்து, அதில் கடைப் பெயரைப் பெரிதாக எழுதினேன். கறையும் ஒட்டுப்போட்ட துணியுமாக, ஊரே திரும்பிப் பார்க்கும்படி இருந்தது.

வாசலுக்கு மேலே, முன்தாழ்வாரக் கூரையின் விளிம்போடு பாயைக் கட்டினேன். மனைவி தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை. "கீழ்ப்பக்கத்தக் கட்டாதீங்க. காத்து போக வழி வேணும்," என்றாள்.

"எழுத்து சுருங்குதே," என்று கீழ் மூலைகளையும் தூண்களோடு இறுக்கினேன். முடிச்சுக்கு மேல் முடிச்சு. எழுத்து இஸ்திரி போட்டதுபோல் நின்றது.

பெருநாள் நெருங்கிய ஒரு பின்னேரம். ஒரு தாயும் கல்யாணப் பெண்ணும் உள்ளே உடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கமிருந்து கச்சான் என்கிற மேல்காற்று எழும்பியது. பாய் வயிறு வைத்தது. என்ன அழகு என்று வெளியே நின்று ரசித்தேன். பிறகு கூரை கிறீச்சிட்டது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையே வானம் தெரிந்தது. இரண்டு தூண்களும் வாசல் பக்கம் சாயத் தொடங்கின. கடைக்கு இருப்பது அந்த ஒரே வாசல்.

ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன். நான் தூணைத் தாங்கினேனா, தூண் என்னைத் தாங்கியதா என்று இன்றுவரை தெரியாது. ஓர் ஆணி தெறித்துக் காதோரம் போனது.

"ஒருத்தரும் பயப்பட வேணாம்," என்று கத்தினேன். குரல் ஆட்டுக்குட்டிக்குச் சொந்தமானது.

உள்ளேயிருந்து தாய் சொன்னார்: "நாங்க சும்மாதான் இரிக்கம். கத்துறது நீங்கதானே தம்பி."

"தாத்தா, மகளோட பின்சுவர்ப் பக்கம் போங்க. வாசலுக்கு வராதீங்க," என்று அந்தத் தாயிடம் சொன்னபடி மனைவி கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். எங்கள் ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்போம். என்னிடம், "முடிச்ச அவிழுங்க," என்றாள்.

"அவிழாது. நான் கட்டினது."

அவள் கத்தரிக்கோலைக் கயிற்றில் வைத்தாள். தூண் என் கைக்குள் இன்னொரு தடவை நகர்ந்தது. தடித்த கயிறு, துணி வெட்டும் கத்தரிக்கோல். அவள் அரிந்துகொண்டேயிருந்தாள். நான் தெரிந்த ஓதல்களை எல்லாம் வரிசை மாறி ஓதினேன். முதல் மூலை விடுபட்டது. மற்றத் தூணுக்கு ஓடினாள். அதுவும் அறுந்தபோது பாய் உள்ளே பறந்து வந்து, முகத்தில் அறைந்து, என்னை முழுதாக மூடியது. கூரை தடாலென்று பழைய இடத்தில் உட்கார்ந்தது. தூண்கள் சாய்ந்தபடியே நின்றன. விழவில்லை.

பாய்க்குள்ளிருந்து நான் கேட்டது தாயின் குரலை.

"தம்பி, நீங்க தூணோடயே நில்லுங்க. தங்கச்சி, அந்த நீல உடுப்ப ஒருக்கா எடுங்க பாப்பம்."