யப்பான் ஆற்றங்கரையில் கேட்ட குரல்

அண்ணையின் கைத்தொலைபேசி எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றப்பட்டு, அரிசி கழுவும் தொட்டிக்கு மேலேயுள்ள தட்டில் இருக்கும். சமையலறைக்குள் தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது ஜேர்மனியில், டுசல்டோர்ஃப் நகரில் நாங்கள் வேலை செய்த யப்பானிய உணவகத்தின் சட்டம். அண்ணைக்கு மட்டும் விலக்கு. அவருடைய அக்கா இலங்கையில், வன்னியில் இருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, சில வேளை மாதத்துக்கு ஒரு தடவை, எங்காவது ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் வரிசையில் நின்று அண்ணையின் இலக்கத்துக்கு அழைப்பு எடுப்பார். இங்கிருந்து அவருக்கு எடுக்க வழியில்லை. மணி அடித்தால் அண்ணை ஈரக்கையோடு பையைக் கிழித்து எடுத்து "அக்கா" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை நாங்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிற்போம். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. வன்னியில் சனம் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. விமானங்கள் குண்டு போடாத நாள் இல்லை.

அண்ணை என்று நான் கூப்பிட்டாலும் அவர் எனக்குச் சொந்தமில்லை. பத்து வருடம் ஒரே அடுப்படியில் நின்ற உறவு. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். கலியாணம் கட்டாதவர். தாய் தகப்பன் போய்விட்டார்கள்; அந்த அக்கா ஒருத்திதான் மிச்சம். பயந்த மனிதர். குப்பை கொட்டப் போனாலும் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கும். ட்ராமில் சீட்டுப் பரிசோதகர் ஏறினால், சீட்டுக் கையில் இருந்தும் முகம் வெளிறிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் அவரைச் சீண்டுவேன். நானும் பதினாறு வயதுவரை யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் ஓடி ஒளிந்து வளர்ந்தவன்தான். குண்டுக்குப் பயந்து வீட்டு வளவில் வெட்டிய குழி அது. எனக்கு அந்தப் பயமெல்லாம் விட்டுப்போய்விட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உணவகத்தின் உரிமையாளர் ஒரு யப்பானியப் பெண்மணி. முதலாளியம்மா என்பதைச் செஃபின் என்று ஜேர்மன் மொழியில்தான் கூப்பிடுவோம். அந்த வருடம் ஆவணியில் கடையை மூடிவிட்டுத் தன் சொந்த ஊருக்குப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மலைக்குள்ளே ஒரு ஆற்றோரச் சிற்றூர் அது. அந்த ஆற்று மீனைத்தான் நாங்கள் உப்புத் தடவிக் கம்பியில் குத்திச் சுடுவோம். எங்களிடம் அது பனிக்கட்டிப் பெட்டியில் வரும். பத்து வருடமாகச் சுடுகிறீர்கள், அது நீந்துவதை ஒரு நாளாவது பாருங்கள் என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணை அசையவில்லை.

"அக்கா எடுத்தா என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் தொலைபேசி உலகம் முழுக்க வேலை செய்யும் அண்ணை, இத்தாலியில் செய்யவில்லையா, சுவிஸில் செய்யவில்லையா என்று நான் சொன்னேன். தனியே செஃபினோடு போகக் கூச்சமாக இருந்ததால், தெரியாத விடயத்தைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். அண்ணை என்னை நம்பினார்.

யப்பானில் இறங்கியதும் குடிவரவு மேசையில் இரண்டு சுட்டுவிரல்களையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். அகதியாக வந்த நாளில் ஜேர்மன் பொலிஸ் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்தது அண்ணைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூன்றாம் முறைதான் விரல் பதிந்தது. வெளியே வந்து தொலைபேசியைப் போட்டார். திரையில் சேவை இல்லை என்று வந்தது. அணைத்துப் போட்டார், சிம் அட்டையைக் கழற்றித் துடைத்துப் போட்டார், யன்னலோரம் உயர்த்திப் பிடித்தார். அங்கேயுள்ள தொழில்நுட்பம் வேறு, எங்கள் பழைய தொலைபேசி அங்கே வெறும் கட்டைதான் என்று செஃபின் விசாரித்துச் சொன்னார். அண்ணை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு வாய்க்கால் ஓடியது. அதற்குள் தக்காளியையும் வத்தகப்பழத்தையும் கூடையில் போட்டுக் குளிரவிட்டிருந்தார்கள். ஆறு கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. தொப்பி போட்ட கிழவர்கள் இடுப்பளவு நீரில் நின்று, பனையுயரத் தடிகளால் மீன் பிடித்தார்கள். நாங்கள் சுட்ட மீன் எங்கள் காலடியில் நீந்தியது. ஆனால் அண்ணை எதையும் பார்க்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு மெட்டுப் போட்டார்கள். அண்ணை பாதி வாய்ச் சோற்றோடு எழுந்து நின்றுவிட்டார். பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போவதற்காக ஒவ்வொரு நாளும் போடுவது என்று செஃபின் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த ஒலிபெருக்கிகள் வேறு சிலவற்றுக்கும் கூவும் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விடயமில்லை.

நான்காம் நாள் மத்தியானம் செஃபின் தாயின் கல்லறையைத் துப்புரவாக்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆற்றுக்குள் இறங்கி, கூழாங்கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். முதல்நாள் இரவு மேலே மலையில் மழை பெய்திருந்தது எங்களுக்குத் தெரியாது. மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் தடிகளை மடக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். தேத்தண்ணி நேரமாக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல மெல்ல உயர்ந்து, இரண்டு பக்க மலையிலும் அடித்துத் திரும்பி, வானத்திலிருந்து ஏதோ எங்கள் தலையை நோக்கி இறங்கிவருவது போல வந்தது. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது. அண்ணை என் சட்டைக் கொலரைப் பிடித்தார்.

"பொம்மர் பதியுது. உள்ளுக்க போ" என்றார். குண்டு போட விமானம் தாழ இறங்குவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

கரைக்கட்டின் அடியில் மழைநீர் வந்து விழுவதற்கு ஒரு கொங்கிறீட் குழாய் வைத்திருந்தார்கள். குனிந்து நுழையலாம். அண்ணை என்னை அதற்குள் தள்ளி, பின்னால் தானும் நுழைந்து என்மேல் கவிழ்ந்து படுத்தார். உண்மையைச் சொல்கிறேன், அவர் தள்ளியிருக்கத் தேவையில்லை. என் கால்கள் முன்னமே அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தன. முழங்கையை ஊன்றி நெஞ்சு நிலத்தில் படாமல் படுத்தேன், காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பழக்கிய எதுவும் மறக்கவில்லை. முப்பத்தைந்து வயதில், ஜேர்மன் கடவுச்சீட்டோடு, யப்பானின் ஒரு மலையாற்றுக் குழாய்க்குள் நான் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

சத்தம் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, நிதானமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த யப்பானிய மொழி சமையலறை மொழிதான். அந்த நீண்ட பேச்சில் ஒரேயொரு சொல் பிடிபட்டது: மிசு. அரிசி கழுவும் தொட்டியடியில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கும் சொல். தண்ணீர். தலையைத் திருப்பி வெளியே பார்த்தேன். எங்கள் செருப்புகள் கிடந்த கல்லைக் காணவில்லை. ஆறு பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. மேலே அணைக்கட்டைத் திறந்திருந்தார்கள். கரையேறுங்கள் என்று ஊரெல்லாம் கேட்க அபாயச் சங்கூதிச் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் பள்ளத்துக்குள் இறங்கிப் படுத்திருந்தோம்.

தண்ணி வருது அண்ணை, எழும்புங்கோ என்று கத்தினேன். அவர் காதுகளைப் பொத்தியிருந்தார். சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது.

"கிட. இன்னும் ஒண்டு வரும்" என்று என் கழுத்தை அமத்தினார். அரிசி மூட்டை தூக்கும் கை. என்னால் அசைக்க ஏலவில்லை. குளிர்ந்த நீர் என் முழங்காலுக்கு வந்து, வயிற்றுக்கு வந்தது. தண்ணீர் என்ற சொல் அவருக்கு ஏறவேயில்லை. ஈரம் கூட ஏறவில்லை. அவர் அந்தக் குழாய்க்குள் இல்லை, வன்னியில் ஒரு பங்கருக்குள் இருந்தார். அங்கிருந்து அவரை எதைச் சொல்லி வெளியே எடுப்பது என்று எனக்கு ஒரு கணம்தான் யோசிக்கக் கிடைத்தது. அவருடைய கையை இழுத்துக் காதுக்குள் சொன்னேன்.

"அண்ணை, அக்கா மேல நிக்கிறா. உங்களைத்தான் கூப்பிடுறா. வாங்கோ."

அவர் தலையை நிமிர்த்தினார். அடுத்த கணம் என்மேல் இருந்த பாரம் இல்லை. நான் குழாயை விட்டு வெளியே வரும்போது அவர் கரைக்கட்டின் கற்படிகளில் நாலுகாலில் ஏறிக்கொண்டிருந்தார். நான் பின்னால் விழுந்தடித்து ஏறினேன். மேலே தெருவில் வெயில் அடித்தது. குடை பிடித்த ஒரு அம்மாவும், தீயணைப்புச் சட்டை போட்ட ஒரு மனிதரும் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அண்ணை வெறுங்காலோடு தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க அவ?" என்றார்.

நான் திரும்பி ஆற்றைப் பார்த்தேன். கீழே அந்தக் குழாய் முழுதாக நீருக்குள் போயிருந்தது. என் வாழ்க்கையில் பயந்த நாட்கள் பல உண்டு. அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றது போல ஒரு நாளும் பயந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, இறந்தவர்களுக்காக அந்த ஊரார் காகிதக்கூட்டுக்குள் விளக்கேற்றி ஆற்றில் விட்டார்கள். உங்கள் பெற்றோருக்கும் விடுங்கள் என்று செஃபின் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். அண்ணை தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று எடுத்தார். மிச்சத்தைச் செஃபின் நீட்டியபோது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு மட்டும், இரண்டு மட்டும் என்று ஜேர்மனில் திரும்பத் திரும்பச் சொன்னார். செஃபின் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

ஜேர்மனிக்குத் திரும்பி, விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி உயிர் பெற்றது. நாங்கள் இல்லாத நாட்களில் இலக்கம் தெரியாத ஒருவர் இரண்டு முறை எடுத்திருப்பதாகக் குறுஞ்செய்தி சொன்னது. நாளைக் கணக்குப் பார்த்தோம். நேர வித்தியாசத்தைச் சேர்த்துப் பார்த்தால், அது நாங்கள் ஆற்றுக்குள் இருந்த நாள் என்றும் சொல்லலாம், அதற்கு முதல்நாள் என்றும் சொல்லலாம். முதல்நாள் என்றுதான் எனக்குப் பட்டது. நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தொலைபேசிக்கு வன்னியிலிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் வைகாசியில் போரோடு எல்லாம் முடிந்தது. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களை யார் யார் மூலமோ விசாரித்தோம். அக்காவின் பெயர் எதிலும் இல்லை. இறந்தார் என்று சொன்னவரும் இல்லை.

அந்தக் கோடையில் ஒருநாள், கடை திறக்க முன், அண்ணை அரிசி கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அண்டைக்கு அக்கா கூப்பிடுறா எண்டு சொன்னனியெல்லே. உனக்கு உண்மையாவே ஏதும் கேட்டதோ?"

இல்லை அண்ணை, உங்களை எழுப்பச் சொன்ன பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய கைகள் தண்ணீருக்குள் அசையாமல் நின்றதைக் கண்டேன்.

"ஓம் அண்ணை" என்றேன்.

"என்னெண்டு கூப்பிட்டவ?"

"தம்பி எண்டு."

அப்படித்தான் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டு அண்ணை மறுபடி அரிசியைப் பிசையத் தொடங்கினார். முதற்பொய்யைச் சொல்ல ஒரு கணம் கிடைத்தது. இதற்கு எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கோயிலிலும் கலியாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்கிறார். தான் சாகக் கிடந்தபோது அக்கா கூப்பிட்டுக் கரையேற்றியதாகச் சொல்லி, சாட்சிக்கு என்னைக் காட்டுகிறார். நான் தலையாட்டுகிறேன். போன வருடத் தேர்த் திருவிழாவில் ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். போரின் கடைசி மாதங்களில் அந்த அம்மாவின் மகளும் அண்ணையின் அக்காவும் ஒரே கூடாரத்தில் இருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பிள்ளையும் அவவோடதான் நிண்டவள். தம்பிக்கு ரெண்டு குரல் கேட்டதோ?" என்று கேட்டார்.

அண்ணை பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் கையை விடவில்லை.